பத்தொன்பதாவது படிவம்

லிஃப்ட் ஆய்வு அலுவலகத்தில் பத்தொன்பது பேர் வேலை பார்த்தார்கள். அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று கேட்டு ஒரு நாள் தலைமையகத்திலிருந்து நாற்பது கேள்விகள் வந்து இறங்கின. முப்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி அது. ஃபேன் ஓடுகிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்றுகூட எவரும் கேட்டதில்லை. இப்போது திடீரென்று மனசைத் திறந்து காட்டு என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

கேட்டதற்குக் காரணம் இருந்தது. கட்டடங்களில் ஓடும் லிஃப்டுகளை வருஷத்துக்கு ஒரு முறை சோதித்துப் பாதுகாப்புச் சான்று கொடுப்பதுதான் இந்தத் துறையின் வேலை. சான்று தாமதமாகிறது, வந்த சான்றையும் நம்ப முடியவில்லை என்று புகார்கள் குவிந்தன. ஊழியர்கள் பயமில்லாமல் வாய் திறக்கிற அலுவலகம்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்று தலைமையகத்தில் யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்தார். அதில் தப்பே இல்லை. அந்த வாயைத் திறக்க அவர் பிடித்த வழிதான் வேடிக்கை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். கிளைகளையெல்லாம் மதிப்பெண் வாரியாக வரிசைப்படுத்துவார்கள். கடைசியில் வரும் கிளையின் தலைவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள்.

கேள்வி கேட்பார்கள் என்ற அந்த ஒரு வரியே பெரியவருக்குப் போதுமானதாக இருந்தது. பெரியவர் என்பது கிளைத் தலைவருக்கு அலுவலகம் வைத்த பெயர். வயதில் அப்படி ஒன்றும் பெரியவர் இல்லை, நாற்காலிதான் பெரிசு. இந்தக் கருத்துக் கணிப்புக்கு முந்தின நாளே எல்லோரையும் கூட்ட அறைக்கு வரவழைத்துவிட்டார்.

"நாளைக்கு எல்லாரும் அஞ்சு. எல்லாக் கேள்விக்கும் அஞ்சு. நாலு கூட வேண்டாம். நாலு போட்டா என்ன குறைன்னு நோண்டுவாங்க."

"சரிங்கய்யா," என்றார் முன்வரிசையில் இருந்த ஆய்வாளர். அவர் வேறு எதையும் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. சரிங்கய்யா எங்கே, சரிங்கய்யா சாப்பிட்டாச்சா என்றுதான் ஊழியர்கள் பேசிக்கொள்வார்கள். அவர் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ரெண்டாவது கேள்வி, 'இன்ன பதில்தான் சொல்லணும்னு யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல'ன்னு இருக்கு சார். அதுக்கும் அஞ்சா?"

"அதுக்குத்தான் முதல்ல அஞ்சு போடணும்," என்றார் பெரியவர், திரும்பிப் பார்க்காமலே. யார் கேட்டது என்று அவருக்குத் தெரியும். கொக்கியைத் தவிர வேறு யாருக்கு அந்தத் துணிச்சல்?

கொக்கி, ஐம்பத்தாறு வயது ஆய்வாளர். எந்த லிஃப்டைப் பார்க்கப் போனாலும் ஏதாவது ஒரு கொக்கியைப் போட்டுவிட்டுத்தான் திரும்புவாள் என்று கட்டட முதலாளிகள் வைத்த பெயர் அது. கதவு இடுக்கில் அகலம் அதிகம் என்பாள், மோட்டார் அறையில் பழைய பெட்டிகளை அடுக்கியிருக்கிறீர்கள் என்பாள். நாக்கில் தேன் தடவிப் பேச அவளுக்கு வராது. அலுவலகத்தில் அவளுக்கு நண்பர்கள் என்று யாரும் கிடையாது. ஓய்வு பெறப் பதினான்கு மாதம்தான் பாக்கி. அந்தப் பதினான்கு மாதத்தையும் வம்பில்லாமல் ஓட்டிவிட்டால் போதும் என்று அவளும் சமீப காலமாக நினைக்க ஆரம்பித்திருந்தாள். அதுதான் அவளைப் பிடித்த வினை.

ஏனென்றால் அவளுக்கு ஒரு லிஃப்ட் பற்றித் தெரியும்.

நகரத்து மகளிர் மருத்துவமனையில் எட்டு மாடி, இரண்டு லிஃப்ட். ஒன்றாம் நம்பர் சின்னது, ஆள் மட்டும் போகும். ஸ்ட்ரெச்சர் போக வேண்டுமென்றால் இரண்டாம் நம்பர்தான். பதினொரு மாதத்துக்கு முன்னால் கொக்கி அதைச் சோதித்தாள். லிஃப்டைத் தாங்கும் இரும்பு வடத்தில் இழைகள் அறுந்து முள்முள்ளாக நின்றன. அது போகட்டும். வடம் அறுந்தாலும் லிஃப்ட் விழாமல் இருக்கக் கீழே ஓர் இரும்புத் தாடை இருக்கும், பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். இந்த லிஃப்டின் தாடை துருவேறி இறுகி, கம்பியால் நெம்பியும் அசையவில்லை. இயக்கத்தை உடனே நிறுத்த வேண்டும் என்று கொக்கி ஃபைலில் எழுதி மேலே அனுப்பினாள்.

பெரியவர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மருத்துவமனை லிஃப்டை நிறுத்தினால் பத்திரிகைக்காரன் வருவான், மேலிடத்திலிருந்து ஃபோன் வரும். அந்த மாதத்துச் சான்றுக் கணக்கு வேறு குறைந்து கிடந்தது. ஃபைலைக் கொக்கியின் பொறுப்பிலிருந்து எடுத்துச் சரிங்கய்யாவிடம் கொடுத்தார். சரிங்கய்யா இருந்த இடத்தைவிட்டு அசையாமல் 'இயக்கத்துக்கு ஏற்றது' என்று எழுதினார். இதற்கு அந்த அலுவலகத்தில் நாற்காலி ஆய்வு என்று பெயர். மறுவாரமே சான்று கண்ணாடிச் சட்டம் போட்டு அந்த லிஃப்டுக்குள்ளேயே மாட்டப்பட்டது.

கொக்கி ஒரு வாரம் கொதித்தாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். அடித்துப் பேச எத்தனையோ வழி இருந்தது, ஆனால் எல்லா வழியிலும் அவள் பெயர் வெளியே வரும். ஒரே ஒரு காரியம் மட்டும் செய்தாள். அவளுடைய தங்கை அந்த மருத்துவமனையில்தான் ஆறாம் மாடி வார்டில் தலைமை நர்ஸ். கணவனை இழந்த அக்காவும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாத தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். "இனிமே லிஃப்ட்ல ஏறாதே, படியில ஏறு, உடம்புக்கு நல்லது," என்று தங்கையிடம் பொதுவாகச் சொல்லிவைத்தாள்; எந்த லிஃப்ட் என்று பிரித்துச் சொன்னால் காரணம் கேட்பாள்.

கணிப்பு நாளன்று காலையில்கூட அதைப் பற்றித்தான் சண்டை. தங்கை நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் பேச்சைக் கேட்டு பதினொரு மாசமா ஆறு மாடி ஏறி இறங்கறேன். உடம்பு இளைக்கல, முட்டிதான் போச்சு."

"ஏறினா ஒண்ணும் செத்துட மாட்டே."

"எல்லாத்துலயும் உனக்கு ஒரு அதிகாரம். ஆபீஸ்ல எவனும் உன்னை மதிக்கறதில்ல, அந்தக் கோபத்தையெல்லாம் என் முட்டியில காட்டு."

கொக்கிக்குச் சுருக்கென்றது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் அவளுக்கு அந்த நாற்பது கேள்விகள்தான் ஓடின. பெயர் வேண்டாம் என்கிறார்கள், கையெழுத்து வேண்டாம் என்கிறார்கள். இதைவிட நல்ல வாய்ப்பு இனி எங்கே வரும்? லிஃப்டும் நிற்க வேண்டும், தன் பெயரும் வரக் கூடாது. எழுதிவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினாள்.

தலைமையகத்திலிருந்து வந்தவள் முப்பத்தைந்து வயதுப் பெண். மூக்குக் கண்ணாடி, தோளில் பெரிய பை, கையில் பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி. கணிப்பு அதிகாரி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். "யார் எழுதினாங்கன்னு எனக்கே தெரியாது, தெரிஞ்சுக்கவும் கூடாது. உங்க அடையாளம் தெரியற மாதிரி எதையும் எழுதாதீங்க. மனசுல இருக்கறதை எழுதுங்க," என்றாள். அவள் நிஜமாகவே அப்படி நம்பினாள் என்பது முகத்தில் தெரிந்தது. அதனாலேயே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பத்தொன்பது பேரும் தலையைக் குனிந்தார்கள். ஐந்து, ஐந்து, ஐந்து என்று பேனாக்கள் ஓடிய ஓசை கேட்டது. ஒரு சிலர் கேள்வியைப் படிக்கவே இல்லை. சரிங்கய்யா நான்கே நிமிஷத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கொக்கி நிதானமாகப் போனாள். பாதிக்கு மேல் மூன்று போட்டாள். முப்பத்தொன்றாவது கேள்வி, 'பாதுகாப்புக் குறை கண்டால் என்னால் அச்சமின்றிச் சொல்ல முடிகிறது.' ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டு, பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தினாள். கடைசிப் பக்கத்தில் 'வேறு கருத்துகள்' என்று எட்டு வரி இடம் விட்டிருந்தது. எழுத்து அடையாளம் தெரியாமல் அச்செழுத்து மாதிரி தனித்தனியாக எழுதினாள். மருத்துவமனையின் பெயர், இரண்டாம் நம்பர் லிஃப்ட், ஃபைல் எண், வடம், தாடை, நாற்காலி ஆய்வு, எல்லாம் எட்டு வரிக்குள் அடங்கின. எழுதி முடித்ததும் கை தானாகவே தாளின் வலது மூலைக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். முப்பது வருஷப் பழக்கம், மறந்தாற்போல் சுருக்கக் கையெழுத்தும் தேதியும் போட்டிருப்பாள். நல்ல வேளை என்று மனசுக்குள் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மெச்சிக்கொண்டதுதான் மிச்சம். அந்த அலுவலகத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அங்கே கையெழுத்தில்லாத காகிதம் காகிதமே இல்லை. வருகிற கடிதத்தில் போடுவார்கள், போகிற கடிதத்தில் போடுவார்கள். பேனா வாங்கினால் போடுவார்கள், தீர்ந்த பேனாவைத் திருப்பிக் கொடுத்தாலும் போடுவார்கள். நாள்காட்டியில் தாள் கிழிக்கிற ஊழியர் கிழித்த தாளில் ஒரு கிறுக்கலும் தேதியும் போட்டுவிட்டுத்தான் குப்பையில் போடுவார். அப்படிப்பட்ட கைகள் அன்றைக்கு மட்டும் சும்மா இருக்குமா?

படிவங்கள் எல்லாம் பெட்டிக்குள் விழுந்தன. கணிப்பு அதிகாரி பெட்டியைத் திறந்து, எண்ணிக்கை மட்டும் சரிபார்க்கச் சொல்லித் தலைமை எழுத்தரிடம் கட்டைக் கொடுத்துவிட்டு, அடித்த ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அந்த மனிதரிடம் கொடுத்ததுதான் தப்பு. அவர் கெட்டவர் இல்லை. எண்ணிக்கை என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்த ஒரே அர்த்தம், வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயருக்கு நேராகச் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவதுதான். ஒவ்வொரு தாளின் மூலையிலும் சுருக்கக் கையெழுத்தைப் பார்த்தார், பெயரைத் தேடினார், டிக் போட்டார். பதினெட்டு டிக் ஆயிற்று. பத்தொன்பதாவது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்தே இல்லை. பதிவேட்டில் டிக் இல்லாத பெயர் ஒன்றே ஒன்று.

அவர் ரொம்பவும் அக்கறையாக அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்ட அறை வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மேடம், உங்க ஃபாரத்துல மட்டும் கையெழுத்து விட்டுப்போச்சு. ஒரு சின்னது போட்டுடுங்க."

பதினேழு தலைகள் திரும்பின. அச்செழுத்து என்ன, எட்டு வரி என்ன, எல்லாம் வீண். பெயரைப் போட்டவர்கள் எல்லோரும் கூட்டத்தில் ஒளிந்துகொண்டார்கள். பெயரைப் போடாத அவள் ஒருத்திதான் அகப்பட்டுக்கொண்டாள். இந்தத் தலைமை எழுத்தரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அவரோ பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார்.

அதற்குள் பெரியவர் வந்து தாளை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டார். கடைசிப் பக்கத்தைப் படித்தார். முகம் மாறியது.

"மேடம், கொஞ்சம் உள்ள வாங்க."

அறைக்கதவு சாத்தியதும் மரியாதை போய்விட்டது.

"என்ன இது?"

"கருத்து சார். அதுல கேட்டிருந்தது."

"கருத்தா? என் கழுத்துக்குச் சுருக்கு. பதினெட்டு பேர் சந்தோஷமா இருக்கான். ஒருத்தி மட்டும் விஷத்தைக் கக்கி வெச்சிருக்கா. இந்த ஆபீஸோட சூழலைக் கெடுக்கறது யாருன்னு இப்பத் தெரியுதா?"

"வடம் அறுந்து தொங்குது சார். தாடை வேலை செய்யல. அதான் சூழல்."

"அதான் சான்று கொடுத்தாச்சே!"

"நாற்காலியில உக்காந்து."

பெரியவர் மேஜையைத் தட்டினார். "கேளுங்க. புது ஃபாரம் தரேன். அஞ்சு போட்டுக் கொடுத்துட்டு அமைதியா ரிட்டையர் ஆகுங்க. இல்லேன்னா நாளைக்குக் காலையிலயே மாற்றல் ஆர்டர். எல்லைக் கிளைக்கு அனுப்பறேன். அந்த ஊர்ல மொத்தமே மூணு லிஃப்ட். அதுல ரெண்டு ஓடறதில்ல. மிச்சம் இருக்கற ஒண்ணைப் பதினாலு மாசம் உக்காந்து ஆராய்ச்சி பண்ணுங்க."

கொக்கி அவரை வெறுத்தாள். அவர் கழுத்துப் பட்டையை, அவர் மேஜை மேல் பளபளத்த பெயர்ப் பலகையை, அவர் பேசும்போது ஆட்டும் விரலை, எல்லாவற்றையும் வெறுத்தாள். ஆனாலும் புதுப் படிவத்தைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு கணம் கை நீண்டது. தங்கை, வீடு, பதினான்கு மாதம். தன் கை நீள்வதைப் பார்த்து அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அந்த நேரத்தில் கதவைத் தட்டிவிட்டுக் கணிப்பு அதிகாரி உள்ளே வந்தாள். கையில் மற்ற பதினெட்டுப் படிவங்கள் இருந்தன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நம்ப முடியாத குரலில் கேட்டாள்.

"சார், உங்க ஆபீஸ்ல எல்லாரும் கையெழுத்து போட்டிருக்காங்க. தேதியோட. ஒருத்தர் சீல் கூட குத்தியிருக்கார்."

"ஒழுங்கான ஆபீஸ்ங்க எங்களுது," என்றார் பெரியவர் பெருமையாக.

"அடையாளம் தெரியற படிவம் செல்லாது சார். விதி அப்படி. இந்தப் பதினெட்டும் தள்ளுபடி. கையெழுத்து இல்லாத அந்த ஒண்ணை வெச்சுத்தான் உங்க கிளைக்கு மதிப்பெண் போட முடியும்."

பெரியவரின் கையிலிருந்த தாளை அவள் வாங்கிக்கொண்டாள். கொக்கிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஒரு தாளில் பெரியவரின் கிளை நாட்டிலேயே கடைசி! மேலிடம் கூப்பிடும். கேள்வி கேட்பார்கள். எட்டு வரியையும் படிப்பார்கள். லிஃப்ட் நின்றுவிடும். பெரியவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்க்க அவளுக்குப் பதினொரு மாதக் கோபம் இறங்குகிற மாதிரி இருந்தது.

"இதுவும் யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே!" என்று பெரியவர் பாய்ந்தார்.

"எனக்குத் தெரியாது சார். தாள்ல பேர் இல்ல. எனக்கு அது போதும்." சொல்லிக்கொண்டே அவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். படித்தாள். பையிலிருந்து தடித்த கறுப்புப் பேனாவை எடுத்தாள். மேஜை மேல் தாளை வைத்து, முதல் வரியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அடித்தாள். இரண்டாவது வரியை அடித்தாள்.

"என்ன பண்றீங்க?" என்றாள் கொக்கி.

"ஃபைல் நம்பர் இருக்கு, இடத்தோட பேர் இருக்கு. ஆளை அடையாளம் காட்டற விவரம் எதுவும் மேல போகக் கூடாதும்மா. எழுதினவங்களோட பாதுகாப்புக்குத்தான்." மூன்றாவது வரி போயிற்று. நான்காவது போயிற்று.

"அந்த லிஃப்ட்ல தினமும் பொம்பளைங்களை ஏத்தறாங்க!"

பேனா நின்றது. கணிப்பு அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "புரியுதும்மா. ஆனா இது புகார் வாங்கற படிவம் இல்ல. நான் எண்ணைத்தான் கொண்டு போக முடியும். ஒண்ணுன்னு போட்டிருக்கு, ஒண்ணுன்னு போகும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள். "ஆபத்தான லிஃப்டை நிறுத்தற அதிகாரம் உங்க துறையில யாருக்கு இருக்கு?"

பெரியவர் மேஜை மேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். கொக்கிதான் சொன்னாள். "ஆய்வாளருக்கு. நேர்ல பார்த்தா அங்கேயே தடை அறிவிப்பு ஒட்டி சீல் வைக்கலாம். யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"ஆய்வாளர் யாரு?"

இந்தக் கேள்வியை அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். கொக்கிக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. தடை அறிவிப்புப் புத்தகம் அவள் பையில்தான் இருந்தது. சிவப்பு அட்டை, ஐம்பது தாள், ஒவ்வொரு தாளிலும் ஆய்வாளரின் முழுப்பெயர் எழுதக் கோடு. பதினொரு மாதத்துக்கு முன்னாலும் அது அந்தப் பையில்தான் இருந்தது. பெரியவர் ஃபைலைப் பிடுங்கினார், சரிங்கய்யா பொய் எழுதினார், எல்லாம் வாஸ்தவம். இவள் கையை யார் பிடித்தார்கள்?

கணிப்பு அதிகாரி மிச்ச நான்கு வரியையும் அடித்தாள். கொக்கி எழுந்து பையை மாட்டினாள்.

"எங்க போறீங்க?" என்றார் பெரியவர். அவருக்குப் புரிந்துவிட்டது. "சீல் வெச்சீங்கன்னா விசாரணை வரும். பதினொரு மாசமா தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தேன்னு முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க. என்னை இல்ல!"

"கேக்கட்டும்."

"வேலை போயிடும்!"

"உங்களோடதும் போகும் சார். சேர்ந்தே போலாம்."

மத்தியானம் இரண்டு மணிக்கு மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. கொக்கி மோட்டார் அறைக்கு ஏறினாள். பதினொரு மாதத்தில் வடத்தின் இழைகள் இன்னும் அதிகமாக அறுந்திருந்தன. லிஃப்ட் காலியாக ஆறாம் மாடியில் வந்து நிற்கும்வரை காத்திருந்து மின்சாரத்தை நிறுத்தினாள். கீழே ஆறாம் மாடிக்கு இறங்கி வந்து, சிவப்புப் புத்தகத்தில் தன் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கதவில் ஒட்டினாள். இரண்டு கதவுகளையும் சேர்த்துக் கம்பி சுற்றி ஈய சீல் வைத்தாள்.

நாலாப்பக்கத்திலிருந்தும் திட்டு விழுந்தது. "நோயாளிங்களை எப்படி இறக்கறது, உங்க தலையிலயா?" என்று ஒரு டாக்டர் கத்தினார். "சான்று உள்ளயே மாட்டியிருக்கே, கண்ணு தெரியாதா?" என்றான் வார்டு ஊழியன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கை வந்தாள். கதவில் ஒட்டியிருந்த தாளை முழுக்கப் படித்தாள். 'குறை முதலில் கண்டறியப்பட்ட நாள்' என்று ஒரு கட்டம் இருந்தது. கொக்கி அதில் உண்மையான தேதியைத்தான் எழுதியிருந்தாள்.

தங்கை அந்தத் தேதியை விரலால் தொட்டாள்.

"இது எப்போ, நீ என்னைப் படியேறச் சொன்ன வாரமா?"

"ஆமா."

"உடம்புக்கு நல்லதுன்னியே."

தங்கை குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நேத்து மட்டும் பதினாலு பேரை இதுல இறக்கினேன்க்கா. ஸ்ட்ரெச்சரை நானே தள்ளி உள்ள விட்டுட்டு, கதவைச் சாத்திட்டு, நான் மட்டும் படியில ஓடினேன். கீழ போய்க் கதவைத் திறந்து வாங்கிக்கிட்டேன். நீ சொன்னேன்னு. பதினொரு மாசமா தினமும். அவங்களை உள்ள வெச்சுச் சாத்தினது என் கை."

"எனக்கு உன்னை மட்டும்தான்…"

"பேசாதே."

வார்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. அன்று காலையில் குழந்தை பெற்ற பெண். இரண்டாம் மாடி அறுவை அறைக்கு உடனே போக வேண்டும். துணி வைத்தும் ரத்தம் நிற்கவில்லை. இரண்டு ஊழியர்கள் கால்பக்கத்தைத் தூக்கினார்கள். தலைப்பக்கம் ஒரு மூலையைத் தங்கை பிடித்தாள். இன்னொரு மூலைக்கு ஆள் இல்லை. தங்கை அக்காவைப் பார்த்தாள், யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி.

"நிக்கறீங்களே, பிடிங்க."

பிறந்ததிலிருந்து நீ என்று மட்டுமே அழைத்த தங்கை அவள். கொக்கி பையைத் தரையில் போட்டுவிட்டு மூலையைப் பிடித்தாள். படியில் முதல் திருப்பத்திலேயே கை விரல்கள் மரத்தன. பக்கத்தில் தங்கை ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்து முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்குவது மூச்சிலேயே தெரிந்தது. நான்காம் மாடித் திருப்பத்தில் படுத்திருந்த பெண் கண்ணைத் திறந்தாள்.

"லிஃப்ட் என்னாச்சு?"

தங்கை முன்னாலேயே பார்த்துக்கொண்டு சொன்னாள். "இவங்களைக் கேளுங்க. இவங்கதான் ஆய்வாளர்."

"பழுதும்மா," என்றாள் கொக்கி. "விழுந்துடும். அதான் நிறுத்திட்டேன்."

"காலையில என்னை அதுலதானே மேல கொண்டு வந்தாங்க?"

கொக்கி மூலையை மாற்றிப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள். அந்தப் பெண் பதிலுக்காகத் தலையைச் சாய்த்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு மாடி இறங்க வேண்டியிருந்தது.